பின்பாரம்

கண்டி நகரத்து வீதிகளில் ஓடும் கெப் வண்டிகளை என்றாவது கூர்ந்து பார்த்திருக்கின்றீர்களா? சில வண்டிகள் முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் எழும்பி, பாயப்போகும் வெட்டுக்கிளியைப் போல நிற்கும். வேறு சில, பாரம் தாங்காமற் பின்பக்கம் தரையோடு அமிழ, முன்விளக்குகள் எதிரே வருவோரின் கண்ணைக் குத்தும்படி அண்ணாந்தபடி ஊர்ந்து வரும். என் தம்பியின் வண்டி இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்கு மாறிய கதையையே இங்கே சொல்லப் புகுந்தேன். கதையில் வரும் அறிவாளி நான்தான், அறிவீனனும் நான்தான்.

எங்கள் தகப்பனார் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நெடுங்காலம் கொழுந்து லொறி ஓட்டியவர். அந்தச் சம்பளத்திலே நான் பட்டதாரியாகிக் கல்லூரியொன்றிற் பௌதிகம் கற்பிக்கும் உத்தியோகத்துக்கு வந்தேன். தம்பிக்குப் படிப்பிலே நாட்டமில்லை. அவன் தகப்பனாரின் ஸ்டியரிங்கைப் பற்றிக்கொண்டான். பழைய கெப் ஒன்றை வாங்கி, தெல்தோட்டை, கலஹாப் பக்கத்துத் தோட்டங்களில் விளையும் போஞ்சி, கோவா, கரட், லீக்ஸ் எல்லாவற்றையும் கண்டிச் சந்தைக்கு இறக்குவதே அவன் தொழில். வண்டி 1990-களில் ஜப்பானிற் செய்தது. அந்நியச் செலாவணி முடையால் 2020-இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025-இல்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நம் நாட்டார் பலரும் பழைய வண்டிகளை மருத்துவம் பார்த்துப் பார்த்தே ஓட்டினார்கள். கதவு திறந்தபின்பும், விலையைக் கேட்டுவிட்டு எங்களைப் போன்றோர் வாசலிலேயே நின்றுவிட்டோம் என்பது வேறு கதை.

அப்படி ஓட்டிய வண்டிக்கு 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டிட்வா' புயல் பெருஞ் சோதனையாயிற்று. கண்டி மாவட்டத்து மலைச்சாலைகள் எத்தனையோ இடங்களிற் சரிந்தன. தார் வீதி இருந்த இடத்திற் கல்லும் சேறும் கிடந்தன. தம்பியின் வண்டியோ ஏற்கெனவே முதுகு கூனியது. ஒரு தொன் பாரம் ஏற்றினால், அச்சுக்கும் அதன் மேலே சட்டத்திற் பொருத்திய இறப்பர்க் கட்டைக்கும் இடையில் இரண்டு அங்குலமே மிஞ்சும். ஒவ்வொரு குழியிலும் 'டங்' என்று அச்சு முட்டும். அடியிலே கல் உரசும்.

"அண்ணே, பின்பக்கத்தைத் தூக்கிடணும். இப்படியே ஓட்டினா செசி வெடிச்சிடும்" என்றான் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இந்த வார்த்தை என் காதில் விழுந்ததுதான் தாமதம், எனக்குள்ளிருந்த பௌதிக ஆசிரியர் விழித்துக்கொண்டார். வில்லின் நீட்சி அதன்மீதுள்ள விசைக்கு நேர்விகிதமானது என்று ரொபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதியை வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவனன்றோ! சோதனைத்தாள் ஒன்றின் பின்புறத்திலே படம் வரைந்து தம்பிக்கு விளக்கலானேன்.

கெப் வண்டியின் பின்பக்கத்தைத் தாங்குவது, நீண்டதும் குட்டையுமான உருக்குப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வில். லண்டனில் ஒபதயா எலியட் என்பவர் 1804-இல் குதிரை வண்டிக்கென்று பதிவு செய்த வில்லும் இதே குலத்தைச் சேர்ந்ததுதான். குதிரை போய் எந்திரம் வந்தபின்பும் பாரம் சுமக்கும் வண்டிகளைப் பட்டைவில் விட்டுப் போகவில்லை. மலிவு, முரட்டு உழைப்பு, ஒரு பட்டை முறிந்தாலும் வண்டி வீடு சேரும் என்ற தைரியம் ஆகியவையே காரணம்.

தாழ்ந்த பின்பக்கத்தை உயர்த்தப் பல வழிகள் உண்டு. அச்சுக்கும் வில்லுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைக்கலாம். இரண்டு அங்குலக் கட்டைக்கு இரண்டு அங்குலம் உயரும். வில்லின் பின்முனையைச் சட்டத்தோடு ஊஞ்சல்போல் இணைக்கும் துண்டை நீளமாக்கலாம். அதிலே இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓரங்குலமே உயரும், மறுபாதியை வில்லின் நடு விழுங்கிவிடும். தட்டையாய்ப் போன பட்டைகளைக் கழற்றி மீண்டும் வளைக்கலாம். ஆனால் சில இடங்களிற் செய்வதுபோல நெருப்பிலே சிவக்கக் காய்ச்சி வளைத்தால், உருக்கின் பதம் போய்ச் சில மாதங்களிலேயே பழையபடி படுத்துவிடும். இம்மூன்றும் உயரத்தைக் கொடுக்குமேயன்றி வலிமையைக் கொடுக்கமாட்டா. கட்டைமேல் ஏறி நின்ற குள்ளன் பலசாலி ஆவதில்லை! நான்காவது வழி, புதிய பட்டைகளைச் சேர்ப்பது. அதிலே உயரமும் வரும், வலிமையும் வரும்.

"அதைத்தான் செய்யவேண்டும்" என்று தீர்ப்புக் கூறினேன். கணக்கும் போட்டேன். பழைய வில்லில் ஐந்து பட்டைகள், ஒவ்வொன்றும் 8 மில்லிமீற்றர் தடிப்பு. கராஜ்காரர் சேர்ப்பதாகச் சொன்ன இரண்டு பட்டைகளும் 10 மில்லிமீற்றர். பட்டையின் விறைப்பு அதன் தடிப்பின் மூன்றாம் அடுக்குக்கு விகிதமாக ஏறுவது. ஒன்றேகால் மடங்கு தடித்த பட்டை ஏறக்குறைய இரண்டு பட்டைக்குச் சமம். ஆகவே ஐந்து பட்டை வில், ஒன்பது பட்டை வில்லாக மாறும். ஒரு தொன்னுக்கு முன்பு ஐந்து அங்குலம் அமிழ்ந்த வண்டி இனி மூன்று அங்குலத்துக்கும் குறைவாகவே அமிழும். புதிய பட்டைகளின் வளைவினால் வெறும் வண்டியும் மூன்று அங்குலம் உயரும். முன்பு வெறும் வண்டியில் ஏழு அங்குலமாயிருந்த இடைவெளி பத்தாகும். பாரம் ஏற்றினால் ஏழிலே வந்து நிற்கும்.

"பார்த்தாயா? ஒரு தொன் ஏற்றினாலும் உன் வண்டி இனிமேல் வெறும் வண்டிபோலவே நிற்கும்!" என்று சோதனைத்தாளைத் தட்டிக் காட்டினேன். அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு உண்டான பெருமையை இப்போது நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது.

தைப்பொங்கலுக்கு முன்னர் வேலை முடிந்தது. எந்தக் கராஜ் என்பது வேண்டாம். அவர் தாம் கேட்கப்பட்டதைச் சுத்தமாகவே செய்து கொடுத்தார். கேட்கத் தெரியாதவர்கள் நாங்கள். கட்டுக்கலைச் செல்வ விநாயகர் கோயில் வாசலிலே தேங்காய் உடைத்து, சில்லுகளின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டியை ஊருக்குக் கொண்டு சென்றோம். ஒன்பதாந் தரத்திற் படிக்கும் தம்பி மகன், "பெரியப்பா, வண்டி தாத்தாவின் பழைய லொறிபோல இருக்கு" என்று கைகொட்டினான்.

தகப்பனார் ஊன்றுகோலோடு எழுந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து அடியிலே பார்க்க அவர் முதுகு இடங்கொடுக்கவில்லை.

"பிரேக் பார்த்தீங்களாப்பா?" என்றார்.

"பிரேக்கிலே கைவைக்கவே இல்லையே அப்பா, வில்லைத்தானே மாற்றினோம்" என்றேன் நான்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. பட்டம் பெற்ற மகனிடம் வாதாட அவருக்கு எப்போதும் ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தை நான் அறிவேன். அறிந்தும் அதன் நிழலிலே சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மாதம் வண்டி நன்றாகவே ஓடியது. முன்விளக்குகளின் ஒளி சற்றுக் கிட்டவே விழுகிறதென்று தம்பி ஒருமுறை குறைப்பட்டான். பின்பக்கம் உயர்ந்தால் முன்விளக்கு தலைகுனியும் என்பது யோசித்தால் விளங்கும். திருகாணி ஒன்றைத் திருப்பி அதைச் சரிசெய்தோம். அப்போதும்கூட, பின்பக்கத்தோடு வேறு எவையெவை சேர்ந்து அசைந்திருக்கும் என்ற கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய சனிக்கிழமை. தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவான பெருநாள். சந்தையில் மரக்கறிக்கு நல்ல கிராக்கி. கல்லூரி விடுமுறையாகையால் நான் ஊரில் இருந்தேன். வழக்கமான ஒரு தொன்னுக்குமேல் நான்கைந்து மூடைகள் ஏறின. தம்பி ஸ்டியரிங்கில், நடுவிலே மகன், ஓரத்தில் நான். கலஹாவைத் தாண்டியபோது, சித்திரை மாதத்துக்கே உரிய பிற்பகல் இடிமழை பிடித்துக்கொண்டது. பேராதனையை நோக்கி வீதி இறங்கிக்கொண்டேயிருக்கும். ஒருபுறம் மலை, மறுபுறம் கிடங்கு.

வளைவொன்றிற்கு அப்பால் முச்சக்கரவண்டியொன்று மழைக்குப் பயந்து நடுவீதியிலேயே நின்றிருந்தது. தம்பி பிரேக்கை மிதித்தான். முன்சில்லுகள் இரண்டும் உறைந்து நின்றன, வண்டி நிற்கவில்லை. பின்சில்லுகள் யாருக்கோ வந்த விருந்துபோல உருண்டுகொண்டேயிருந்தன. பின்னாலிருந்த பாரம் முழுவதும் எங்களை முன்னே தள்ளியது. ஸ்டியரிங்கை அவன் மலைப்பக்கமாக ஒடித்தான். பூட்டிய சில்லு திரும்பி என்ன, திரும்பாமல் என்ன? வண்டி நேராகவே வழுக்கியது. கடைசி நொடியிலே அவன் காலைச் சற்றுத் தளர்த்தினான்போலும். சில்லுகள் உயிர்பெற்று மலைப்பக்கம் திரும்பின. கானிலே இறங்கி, மண்சுவரில் மட்கார்ட் மோதி நின்றோம். கோவாக்கள் வீதியெங்கும் உருண்டோடின. சில மறுகரையைக் கடந்து கிடங்கிலே விழும் ஓசைகூடக் கேட்டது.

மகனுக்கு நெற்றியிலே ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான். அவன் அழவில்லை. என் கை மாத்திரம் அவன் தோளைப் பற்றியபடி விட மறுத்தது.

வண்டியை இழுத்துச் சென்ற இடத்திலே வயது முதிர்ந்த சிங்கள பாஸ் ஒருவர் இருந்தார். பிரேக் எண்ணெய் இருக்கிறது, தேய்மானம் இல்லை, குழாயில் கசிவு இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபின், விளக்கை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியிற் படுத்தார். சிறிது நேரத்துக்குப்பின் என்னையும் கூப்பிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் படுத்தேன்.

பின்அச்சுக்குச் சற்று முன்னே, சட்டத்தில் முஷ்டியளவு உலோகப் பெட்டி ஒன்று. அதிலிருந்து விரல் தடிப்புக்கூட இல்லாத கம்பி ஒன்று அச்சுக்குச் சென்றது.

"மாத்தயா, இந்தப் பெட்டிக்குக் கண் இல்லை. கை மட்டும்தான் இருக்கிறது. அச்சைத் தொட்டுப் பார்த்துத்தான் பாரம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும்" என்றார் பாஸ் சிங்களத்தில்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதனால் மண்தரையிற் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டேன்.

வாசகர்களுக்கும் விளங்கச் சொல்கிறேன். வெறும் கெப் வண்டியின் பின்பக்கம் மிக இலேசானது. அப்போது பின்சில்லுகளுக்குப் பலமாகப் பிரேக் கொடுத்தால், அவை பூட்டிக்கொண்டு வண்டி பம்பரம்போற் சுழன்றுவிடும். பாரம் ஏற்றினாலோ பின்சில்லுகளுக்கு நிலத்தில் நல்ல பிடிப்புக் கிடைக்கும். அப்போது அவையும் தம் பங்கு பிரேக்கைச் செய்தேயாகவேண்டும். இதற்காகவே பல கெப் வண்டிகளில் அந்தச் சிறு பெட்டியை வைத்தார்கள். சட்டம் அச்சை நோக்கித் தாழ்ந்தால் 'பாரம் இருக்கிறது' என்று கம்பி சொல்லும். பெட்டி பின்பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை அனுப்பும். சட்டம் உயர்ந்து நின்றால் 'வெறும் வண்டி' என்று சொல்லும்; பெட்டி அழுத்தத்தைக் குறைத்துவிடும்.

என் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு தொன் ஏற்றினாலும் வெறும் வண்டிபோலவே நிற்கும் என்றல்லவா பெருமை பேசினேன்? அணுவும் பிசகாமல் அப்படியே நின்றது. கம்பியும் நான் சொன்னதை அப்படியே நம்பி, வண்டி வெறுமை என்றே பெட்டிக்குச் சொன்னது. மூன்று மாதமாக என் தம்பியும் அவன் மகனும், பின்பிரேக் பாதிகூட இல்லாத வண்டியில், தலைக்குப் பின்னால் ஒரு தொன்னைச் சுமந்துகொண்டு, மலை இறங்கியிருக்கிறார்கள். மழையில்லாத நாள்களில் முன்பிரேக் தனியே சமாளித்துக்கொண்டது. இதிலே இன்னொரு நுட்பமும் உண்டு: வண்டியை ஓரங்குலமும் உயர்த்தாமல் வில்லை மாத்திரம் விறைப்பாக்கினாலும் இதே மோசம் நேரும், பாரத்துக்கு ஏற்ற அளவு தாழாத வண்டி கம்பியை ஏமாற்றத்தான் செய்யும்.

வீட்டுக்கு வந்து தகப்பனாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு அந்தப் பெட்டியைத் தெரியாது. அவர் ஓட்டிய பழைய லொறியில் அப்படி ஒன்று இருந்ததில்லை.

"பெட்டி கிட்டி எனக்குத் தெரியாதுப்பா. வண்டியிலே ஒரு இடத்தைத் தூக்கினா எல்லா இடமும் மாறும். அதான் கேட்டேன்" என்றார். பிறகு சிறிது நேரங் கழித்து, "முன்பாரம் பின்பாரம்னு எங்க தாத்தா சொல்லுவாரு" என்று தொடங்கினார்.

அவருடைய பாட்டனார் மாட்டுவண்டி ஓட்டியவராம். கொழும்பு - கண்டி வீதி 1820-களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்திலே திறக்கப்பட்டது. அதை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832-இல் எழுப்பிய கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. 1867-இல் புகையிரதம் கண்டிக்கு வரும்வரையில் மலைநாட்டுக் கோப்பியெல்லாம் அந்த வீதியில் மாட்டுவண்டியிலேதான் இறங்கிற்று. வந்த பின்பும் உள்ளூர்ப் பாதைகளில் வண்டிக்காரருக்கு வேலை இருந்தது. அவ்வண்டிகளுக்கு வில் கிடையாது. ஆனால் பாரம் ஏற்றும் சாஸ்திரம் இருந்தது. மூடைகள் முன்னே மிகுந்தால் அது முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை நெரித்து அழுத்தும். பின்னே மிகுந்தால் பின்பாரம். நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மலை ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது வேறு கணக்கு. வழியிலே மூடையை நகர்த்தி வைப்பார்களாம். எழுத்தறியாத அந்த வண்டிக்காரர் பாரத்தின் அளவோடு பாரத்தின் இடத்தையும் பார்த்தார். நானோ அளவை மாத்திரமே சோதனைத்தாளிற் பார்த்தேன்.

அன்றிரவே கணக்குப் போட்டேன். இம்முறை யாருக்கும் காட்டவில்லை. முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று மீற்றர். பின்அச்சுக்கு அப்பால் 60 சென்ரிமீற்றர் தூரத்தில் 300 கிலோ பாரத்தை வைத்தால், முன்சில்லுகளின்மேலிருந்து 60 கிலோ பாரம் குறைந்துபோகும். சாவியைப் போல வண்டி பின்அச்சிலே திருகும். ஸ்டியரிங் இலேசாகும், முன்பிரேக்கின் பிடியும் தளரும். தம்பி, இறக்குவதற்குச் சுலபமென்று கனமான கோவா மூடைகளை எப்போதும் பின்கதவு ஓரத்திலேதான் அடுக்குவான். மழையிலே அந்த முன்சில்லுகள் அவ்வளவு எளிதிற் பூட்டிக்கொண்டதன் ஒரு காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

பாஸ் சேர்த்த பட்டைகளில் ஒன்றைக் கழற்றி எடுத்துவிட்டார். வெறும் வண்டி இப்போது பழைய நிலையைவிட ஒன்றரை அங்குலமே உயர்ந்து நிற்கிறது. கல் உரசாமலிருக்க அது போதும். கம்பியின் நீளத்தைக் கண் மட்டத்தில் திருத்த அவர் சம்மதிக்கவில்லை. பிரேக் குழாயில் அழுத்தமானி பூட்டி அளந்தே அதைத் திருத்தவேண்டும், தம்மிடம் அது இல்லை என்று சொல்லிப் பல்லேகலப் பக்கத்தில் அது வைத்திருந்த ஒரு கராஜுக்கு அனுப்பினார். தெரியாததைத் தெரியாதென்று சொல்லி வந்த தொழிலைத் திருப்பி அனுப்பிய அம்மனிதருக்கு நான் கைகூப்பினேன். அவருக்கு அது ஏனென்று விளங்கியிராது.

இனி எண்ணூறு கிலோவுக்குமேல் ஏற்றுவதில்லை என்று தம்பி ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டது எளிது, பெருநாள் காலத்தில், "இன்னும் இரண்டு மூடைதானே" என்று தோட்டக்காரர் கெஞ்சும்போது மறுப்பது எளிதன்று. இருநூறு கிலோவின் கூலி ஒவ்வொரு நாளும் குறைந்தது. அந்தக் குறை வீட்டுச் சமையலறை வரையில் வந்தது. தம்பி மனைவி என்னிடம் முகம் கோணாமற் பேச ஒரு மாதமாயிற்று.

பாரத்தைக் கண்காணிக்கும் வேலையைத் தம்பி மகன் தானாகவே எடுத்துக்கொண்டான். பாடசாலை அடிமட்டத்தை எடுத்துச் சென்று, அச்சுக்கும் இறப்பர்க் கட்டைக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து கொப்பியில் எழுதுகிறான். வெறும் வண்டி 21.5 சென்ரிமீற்றர், எண்ணூறு கிலோவுக்கு 14. ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 110 கிலோ என்று அவனே கண்டுபிடித்தான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

சென்ற சனிக்கிழமை அதிகாலை நான் ஊரில் இருந்தேன். மூடைகள் ஏறி முடிந்து, தம்பி சாவியைத் திருப்பப்போகும் நேரம். வண்டியின் அடியிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, பதின்மூன்று!"

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு திண்ணையிலிருந்த தகப்பனாரைப் பார்த்தான். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். தம்பி ஒன்றும் பேசாமல் இறங்கிப் பின்கதவைத் திறந்து, ஓரத்திலிருந்த இரண்டு கோவா மூடைகளை முற்றத்திலே இறக்கி வைத்தான்.